கார்த்திகையில் வீசிய கச்சான்: புரெவி இரவில் ஒரு பலநாள் படகு, திருகோணமலை 2020

எதைப் பதிவு செய்கிறேன்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அதற்கு முந்திய மூன்று நாட்களில், ஆழ்கடலில் நின்ற ஒரு பலநாள் படகையும் அதிலிருந்த ஆறு பேரையும் கரைக்குக் கொண்டுவருவதற்காக எடுக்கப்பட்ட முடிவுகளையும், கரைக்கு வந்த பின்னரும் அந்தப் படகு ஏன் சேதமடைந்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். கரையில் வானொலித் தொடர்பைக் கவனித்தவன் நான். நேரங்களும் காற்றின் திசையும் என் கொப்பியில் அன்றே எழுதியவை. கடலில் நடந்தவை, படகை நடத்திய தண்டயலும் இயந்திரம் பார்ப்பவரும் பின்னர் சொன்னவை. உயிரிழப்பு ஏதுமில்லாததால் இது எங்கும் செய்தியாகவில்லை. ஆனால், அதே தவறுகளை ஒரு மணித்தியாலம் பிந்திச் செய்திருந்தால் செய்தியாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பின்னணி

அந்த ஆண்டு வாடைப் பருவம் ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு சூறாவளிகளைத் தந்தது. முதலாவதான நிவார், நவம்பர் 25ஆம் திகதி இரவுக்கும் 26ஆம் திகதி அதிகாலைக்கும் இடையில் புதுச்சேரிக்கு அருகே தமிழ்நாட்டுக் கரையைக் கடந்தது. அது எங்களுக்கு வடகிழக்கே கடலோடு கடலாக நகர்ந்து போய்விட்டதால், அதற்காகக் கடலுக்குப் போகாமல் நின்றவர்கள் வீணாக நாட்களை இழந்தோம் என்றே பேசிக்கொண்டார்கள். எச்சரிக்கை சரியாகத்தான் இருந்தது. எங்கள் கரையில் எதுவும் நடக்கவில்லை என்பதால் அது பொய்த்ததாக மனங்களில் பதிந்துவிட்டது.

எச்சரிக்கையைக் கேட்டும் படகுகள் திரும்பத் தயங்கியதற்கு இரண்டாவது காரணம் காசு. ஒக்டோபர் பிற்பகுதியில் கொழும்புக்கு அருகே பேலியகொடை மத்திய மீன் சந்தையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி கண்டறியப்பட்டுச் சந்தை மூடப்பட்டதிலிருந்து மீன் விலை சரிந்திருந்தது; ஒரு பயணத்தின் டீசல் செலவும் ஐஸ் செலவும் திரும்ப வருமா என்று கணக்குப் பார்த்தே படகுகள் புறப்பட்டன. இந்தப் படகில் இருந்த வழக்கப்படி, செலவு கழித்த மிச்சத்தில் பாதி படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் பாதி தொழிலாளருக்குமாகப் பிரிக்கப்படும். கடலில் தொலைந்த தூண்டிலும் மிதவையும் அந்தச் செலவுக்குள்ளேயே சேரும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. லைனை, அதாவது தூண்டில்கள் கட்டிய நீண்ட கயிற்றை, அறுத்துவிட்டு வா என்று கரையிலிருந்து சொல்வது இலகு; அறுப்பவனின் வீட்டு அடுப்பில்தான் அதன் விலை தெரியும்.

படகு நாற்பது அடி அளவிலான ஃபைபர் கலம். சுமையோடு அமைதியான கடலில் மணிக்கு ஆறரைக் கடல் மைல் ஓடும். நவம்பர் 27ஆம் திகதி புறப்பட்டு, 28ஆம் திகதி மாலை, திருகோணமலைக்குக் கிழக்கே, சற்று வடக்காக, ஏறக்குறைய 110 கடல் மைல் தூரத்தில் சூரைக்கு லைன் விடத் தொடங்கியது. தண்டயலுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். நான் அவரை அண்ணை என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் அழைக்கும் பழக்கம் இருபது வருடத்துப் பழக்கம். அதுவும் இந்த நிகழ்வில் ஒரு பங்கு வகித்தது: அவரிடம் நான் உறுதியாகப் பேசத் தயங்கினேன்.

நவம்பர் 30: தாழமுக்கம் என்ற சொல்

அன்று காலை தென்கிழக்கு வங்காள விரிகுடாவில் இருந்த குறைந்த அழுத்தம் தாழமுக்கமாக வலுப்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மாலை ஆறு மணித் தொடர்பில் அதைத் தண்டயலுக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பி, போன கிழமை நிவாருக்கும் இப்பிடித்தான் சொன்னவங்கள். அது வடக்கால போயிட்டுது, இதுவும் போகும். லைனை விட்டுட்டன், விடிய இழுத்துப்போட்டு வாறன்" என்றார்.

வட இந்து சமுத்திரத்தில் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீற்றர் வரை இருந்தால் தாழமுக்கம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம், 62ஐத் தொட்டால் சூறாவளி என்று வகுக்கப்படுகிறது. பெயர் வைப்பது கடைசிப் படியில்தான். வாடைக் காலத்தில் வானொலியில் வாரம் தவறாமல் ஒரு தாழமுக்கம் வந்து போகும். ஆகவே அந்தச் சொல் காதில் விழுந்ததும் மழை என்றுதான் எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரில்லாத புயலுக்கு யாரும் லைனை அறுப்பதில்லை.

அன்று மாலையே புறப்பட்டிருந்தால், பதினேழு அல்லது பதினெட்டு மணித்தியாலத்தில், அதாவது டிசம்பர் 1ஆம் திகதி நண்பகலளவில், அமைதியான கடலில் துறைமுகத்துக்குள் வந்திருப்பார்கள். அந்தக் கணக்கை நான் அவருக்குச் சொல்லவில்லை. "யோசிச்சுச் செய்யுங்கோ அண்ணை" என்று மட்டும் சொல்லித் தொடர்பை முடித்தேன். கொப்பியில் அந்த வரியை இப்போது பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 1 காலை: தூரம் யாரிடமிருந்து?

அதிகாலை நான்கு மணிக்கு லைன் இழுக்கத் தொடங்கினார்கள். எட்டு மணித் தொடர்பில், அது ஆழ்ந்த தாழமுக்கமாகிவிட்டதென்றும் திருகோணமலைக்குக் கிழக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 500 கிலோமீற்றரில் இருக்கிறதென்றும் சொன்னேன். மறுமுனையில் ஒரு நிம்மதி தெரிந்தது. 500 கிலோமீற்றர் என்றால் இன்னும் ஒரு பகல் இழுக்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் கரையில் இருந்த எங்கள் பெரிய பிழை நடந்தது. அந்த 500 கிலோமீற்றர் திருகோணமலையிலிருந்து அளந்த தூரம். படகோ திருகோணமலையில் இல்லை. அறிக்கையில் மையத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் தெளிவாக இருந்தன. கேட்பவருக்கு விளங்காது என்று நானாகவே முடிவு செய்து அவற்றை வாசிக்காமல் விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து, எங்கள் மீனவர் சங்க அறையின் சுவரில் இருந்த கடல் வரைபடத்தில் இரண்டு இடங்களையும் பென்சிலால் குறித்தபோது, படகுக்கும் மையத்துக்கும் இடையே ஏறக்குறைய 350 கிலோமீற்றர்தான் இருந்தது. நாங்கள் எண்ணியதைவிட ஒரு முழு இரவின் ஓட்டம் குறைவு. ஜிபிஎஸ் வைத்திருக்கும் எந்தத் தண்டயலுக்கும் இரண்டு எண்கள் போதும். அந்த இரண்டு எண்களைத்தான் நான் மறைத்திருந்தேன்.

உடனே அழைத்துச் சொன்னேன். அதற்குள் அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருந்தது. வாடைக் காற்று எழுப்பும் அலை வடகிழக்கிலிருந்து, நெருக்கமாக, முனை கூராக வரும். அன்று காலை ஒன்பதரை மணியளவில் அதற்குக் குறுக்கே, தென்கிழக்கிலிருந்து, நெடிய உருண்ட அலை ஒன்று வரத் தொடங்கியது. முனை உடையாது, படகை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் பன்னிரண்டு வரை எண்ணியதாகத் தண்டயல் சொன்னார். அத்தகைய அலை உள்ளூர்க் காற்றால் வருவதில்லை. மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் வேகத்தில் சூறாவளி நகர்ந்துகொண்டிருக்க, அது எழுப்பிய நீள அலை அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னோடியாக வந்துவிடுகிறது. அவருடைய தகப்பனார் அதைக் கடல் மூச்சு வாங்குவதாகச் சொல்லுவாராம்.

லைனில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தண்ணீரில் இருந்தது. பகல் ஒன்றரை மணிக்கு அதை மிதவையோடு அறுத்துவிட்டு, இரண்டு மணிக்குத் தலையைத் திருப்பினார்கள்.

எந்தப் பக்கம் ஓடுவது

இந்த ஒரு கேள்விக்காக வானொலியில் நாற்பது நிமிடம் செலவானது. அது வீணான நேரம் என்று நான் கருதவில்லை.

தண்டயலின் முதல் எண்ணம் வாழைச்சேனை. அங்கே அவருக்கு உறவினர் உண்டு. தூரமும் திருகோணமலைக்குப் போகும் தூரம்தான். புயல் நிவாரைப் போல வடக்கே திரும்பும் என்று அவர் நம்பியதால், தெற்கே போனால் அதற்கு ஒதுங்கலாம் என்று நினைத்தார். இரண்டு காரணங்களுக்காக நான் மறுத்தேன். எதிர்வுகூறல் அதை மேற்கு வடமேற்காகக் கொண்டுவந்து திருகோணமலைக்கு அருகே கரை கடக்க வைத்தது. தென்மேற்காக ஓடும் படகு வழி நெடுக மையத்தோடு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும். மேலும், வாழைச்சேனைத் துறைக்குக் கழிமுகத்தின் வழியாகவே நுழைய வேண்டும். கிழக்கிலிருந்து நீள அலை வரும் நாளில் ஆழம் குறைந்த வாய் ஒன்றில் படகை நுழைப்பது, வெளிக்கடலில் நிற்பதைவிட மோசமானது. திருகோணமலையின் வாய் அகலமானது, ஆழமானது. உள்ளே வந்துவிட்டால் மலைகள் மறைக்கும். துறையைத் தேர்வது அதன் வாயைப் பார்த்துத்தான், தூரத்தைப் பார்த்தல்ல என்பது எங்கள் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயம்.

இளம் தொழிலாளர் ஒருவர் வடக்கே ஓடிவிடலாம் என்றார். நூலின்படி அதில் நியாயம் இருந்தது. நமது அரைக்கோளத்தில் சூறாவளியின் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது நகரும் திசையின் வலப்பக்கத்தில் சுழற்காற்றும் நகர்வேகமும் ஒன்று சேர்கின்றன. அந்தப் பக்கமே கடுமையானது. படகு நின்றது பாதைக்கு வடக்கே, அதாவது அந்தக் கடுமையான பக்கத்தில். அங்கிருந்து விலகுவதற்கு வடக்கே போக வேண்டும். ஆனால் காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும், படகின் வேகம் பாதியாகும், டீசல் போதாது, தொடர்ந்து போனால் 1976ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின் கடல் எல்லைக்கோடு குறுக்கே நிற்கும். புயலுக்குத் தப்பி வழக்குக்குள் போக யாரும் விரும்பவில்லை.

மிஞ்சியது நேரே வீடு. அதற்கு ஒரு விலை இருந்தது: திருகோணமலைக்கு வரும் வழி, புயலின் முன்னால் அதன் பாதையை நோக்கிச் சரிந்து வரும் வழி. நேரம் போதுமானால் மட்டுமே அது சரி. அலையால் வேகம் ஐந்து கடல் மைலுக்குக் குறைந்தாலும், மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் உள்ளே வரலாம். மையம் அதற்குப் பின்னர் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்கும். இயந்திரம் நின்றுபோனால் இந்தக் கணக்கு முழுவதும் பொய். இயந்திரம் பார்ப்பவர் அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் எரிபொருள் வடிகட்டியை மாற்றப் போய்விட்டார் என்று பின்னர் அறிந்தேன். அந்தப் பயணத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுதான் என்பது என் எண்ணம். படகு உலுக்கும்போது தாங்கியின் அடியில் படிந்த அழுக்கு கிளம்பி வடிகட்டியை அடைப்பதால்தான் பல இயந்திரங்கள் கொந்தளிப்பின் நடுவில் நிற்கின்றன.

அன்று மாலை அது சூறாவளியாகி, மாலைதீவு கொடுத்திருந்த புரெவி என்ற பெயரைப் பெற்றது.

டிசம்பர் 2 பகல்: உள்ளே வந்த பின்

இரவு முழுவதும் காற்று வடகிழக்கிலிருந்து வடக்கே ஒதுங்கிக்கொண்டு வலுத்தது. பிற்பகல் ஒன்று பத்துக்குப் படகு ஒஸ்ரன்பேர்க் முனையைச் சுற்றி உள்துறைமுகத்துக்குள் வந்தது. ஆறு பேரும் உப்புப் படிந்த முகத்தோடு, நடக்கத் தெரியாதவர்களைப் போல் இறங்கினார்கள். பிடித்த மீனுக்கு வாங்க ஆள் இல்லை. கரையோர மக்கள் முகக்கவசத்தோடு பாடசாலைகளுக்கு இடம் மாறிக்கொண்டிருந்த பகல் அது.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஏற்கெனவே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஆகவே இந்தப் படகை நகரப் பக்கத்தில், உட்துறைமுக வீதிக் கரைக்கு அப்பால், நங்கூரமிட்டு நிறுத்துவதென்று முடிவாயிற்று. வாடைக்கு அது நல்ல மறைவு: காற்று நகரத்துக்கு மேலால் வரும், படகு கரையிலிருந்து விலகி நடுத்துறையை நோக்கி நிற்கும்.

அப்போது நான் கேட்ட கேள்வி ஒன்றே: மையம் எங்களுக்கு எந்தப் பக்கத்தால் போகும்? அறிக்கைகள் திருகோணமலைக்கு அருகே என்றன. ஓர் அரசாங்க அறிக்கைக்கு அந்தச் சொல் போதும். நங்கூரம் போடுபவனுக்குப் போதாது. மையம் எங்களுக்குத் தெற்கே கடந்தால், காற்று வாடையிலிருந்து கிழக்கே சுற்றிக் கொண்டலாகி, பின்னர் தென்கிழக்கே போகும். வடக்கே கடந்தால், எதிர்ப்பக்கமாக வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று சுற்றும். முதலாவதில் நாங்கள் நின்ற இடம் பாதுகாப்பு. இரண்டாவதில் அதே இடம் பொறி, ஏனென்றால் சீனன்குடாப் பக்கத்திலிருந்து நீர்ப்பரப்பு முழுவதையும் கடந்து வரும் காற்று படகைக் கரைக் கட்டுக்குத் தள்ளும்.

கரையில் நின்ற மூத்தவர் ஒருவர் 1978ஐச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அழித்த சூறாவளியின்போது அவர் இங்கே இளைஞர். "வாடை விழுந்தால் கொண்டல் வரும், பயப்படாதேயுங்கோ" என்றார். அவர் கண்டது உண்மை. மட்டக்களப்பு எங்களுக்குத் தெற்கே இருப்பதால், அன்று திருகோணமலை பாதையின் வலப்பக்கத்தில் இருந்தது. கொண்டல் வந்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு புயலின் நினைவு மறு புயலுக்குச் சாட்சியாகாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு அந்த நேரத்தில் என்னிடம் இல்லை. தண்டயலும் சம்மாட்டியும் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

பாரமானியும் நைலோன் துண்டும்

சங்க அறையில் காற்றழுத்தம் காட்டும் ஒரு பழைய பாரமானி தொங்குகிறது. யாரும் அதைச் சரிபார்த்ததில்லை. ஆகவே அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, வித்தியாசத்தை மட்டும் நம்புகிறேன். எங்கள் அகலக்கோட்டில் காற்றழுத்தம் நல்ல நாளிலும் ஒரு தாளத்தில் ஏறி இறங்கும்: காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் உச்சம், அதிகாலை நான்குக்கும் மாலை நான்குக்கும் தாழ்வு, இடையில் மூன்று மில்லிபார் அளவு வித்தியாசம். இதை அறியாதவர் மாலை நான்கு மணிக்கு முள் இறங்கியதைக் கண்டு பயப்படுவார். அறிந்தவர் நேற்றைய அதே மணியோடு ஒப்பிடுவார்.

முந்திய நாள் காலை பத்துக்கு 1010. இன்று காலை பத்துக்கு 1006. நேற்று மாலை நான்குக்கு 1006, இன்று மாலை நான்குக்கு 1002. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினால் முள் நடுங்கிவிட்டு இன்னும் ஒரு மயிரிழை கீழே போய் நின்றது. அதே மணியில் மூன்று மில்லிபாருக்கு மேல் குறைந்தால் புயல் அயலில் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. அழுத்தம் விழுகிறது, சரி. பக்கம்?

பக்கத்தைச் சொல்வது காற்று. யன்னல் கம்பியில் வலையிலிருந்து வெட்டிய நைலோன் துண்டு ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு மணிக்கும் திசையைக் குறித்தேன். மாலுமி நூல்கள் சொல்வது எளிது: காற்று வலமாகச் சுற்றினால் நீ பாதையின் வலப்பக்கத்தில், இடமாகச் சுற்றினால் இடப்பக்கத்தில், திசை மாறாமல் அழுத்தம் மட்டும் விழுந்தால் மையம் உன் தலைக்கு மேலே. மாலை ஐந்து மணிக்கு அந்தத் துண்டு வடக்கிலிருந்து சிறிதளவே மேற்காக ஒதுங்கியிருந்தது. கைவிரல் இரண்டின் அகலம் என்று எழுதியிருக்கிறேன். மையம் வெகு அருகால் போகும்போது இந்தச் சாட்சி மிகவும் பிந்தியே வாய் திறக்கும் என்பதை எந்த நூலிலும் நான் அதற்கு முன் கவனித்து வாசித்திருக்கவில்லை. எண்பது கிலோமீற்றரில் மையம் நிற்கும்போது இருபது கிலோமீற்றர் விலகல் காற்றில் பெரிதாகத் தெரிவதில்லை. நன்றாகத் தெரியும் நேரத்தில் இருட்டிவிடும்.

அந்த இரண்டு விரல் அகலத்தை வைத்துக்கொண்டு ஐந்தரை மணிக்குச் சம்மாட்டியிடம் போனேன். பக்கம் தெரியவில்லை, ஆகவே இரண்டு பக்கத்துக்கும் கட்டுவோம் என்று மட்டும் சொன்னேன். முகம் சுளித்தார். ஆயினும், சின்ன ஃபைபர் படகு ஒன்றில் இரண்டாவது நங்கூரத்தை ஏற்றி, படகின் முன்முனையான அணியத்திலிருந்து மேற்குத் தென்மேற்காக அறுபது மீற்றர் கயிறு விட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில் கயிறு தொய்ந்து கிடந்தது, பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இரவு

படகில் யாரும் தங்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. தண்டயல் அதை ஏற்கவில்லை. தானும் இயந்திரம் பார்ப்பவரும் உயிர்காப்பு அங்கியோடு நிற்பதாகச் சொன்னார். விளைவைப் பார்த்தால் அவர் செய்தது சரி என்று தோன்றும். எனக்கு இன்னும் அப்படித் தோன்றவில்லை. படகு மீண்டும் வாங்கலாம்.

எட்டு மணிக்குக் காற்று தெளிவாக வடமேற்கு. மின்சாரம் நின்றது. இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில், மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வேகக் காற்றோடு, வீச்சில் 100 வரை, புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. அந்நேரம் எங்கள் காற்று மேற்காகிவிட்டது; நள்ளிரவில் தென்மேற்கு. கையில் விளக்கோடு கொப்பியில் "கச்சான்" என்று எழுதியதும் நானே நின்று பார்த்தேன். வைகாசியில் தொடங்கி நிலத்தின் சூட்டைச் சுமந்து வரும் அந்தக் காற்றின் பெயரைக் கார்த்திகை மாதத்தில் எழுத நேரும் என்று நினைத்ததில்லை.

தொய்ந்து கிடந்த கயிறு முறுகிக் கம்பியானது. படகு கரையை நோக்கிச் சுழன்று வந்து, இரண்டாவது நங்கூரத்தில் பிடிபட்டு நின்றது. இயந்திரத்தை மெதுவாக முன்னோக்கி ஓட விட்டுக் கயிற்றின் பாரத்தைக் குறைத்தார்கள். ஆனால் அணியத்தில் கயிறு வெளியேறும் இரும்பு வாயில் எதுவும் சுற்றப்படவில்லை; ஒவ்வொரு அலைக்கும் கயிறு அந்த விளிம்பில் அறுபட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குத் தண்டயல் வயிற்றில் ஊர்ந்து போய்த் தடவிப் பார்த்தபோது, மூன்று புரிகளில் ஒன்று முற்றாக அறுந்து, இரண்டாவது பஞ்சாகியிருந்தது. பழைய ரியூப் துண்டை அதற்குள் திணித்துக் கட்டினார். மிஞ்சிய ஒன்றரைப் புரியில் இரவு கழிந்தது.

சேதம் வேறு இடத்திலிருந்து வந்தது. பக்கத்தில் ஒற்றை நங்கூரத்தில் நின்ற சிறிய இயந்திரப் படகு ஒன்று நங்கூரம் இழுபட்டு, பின்னோக்கி வந்து எங்கள் படகின் பின்புறத்தில் மோதி, சுக்கானை வளைத்துவிட்டுக் கரைக் கட்டில் ஏறியது. அதில் ஆள் இல்லை.

பின்னர் நடந்தவை

பாரமானி 998இல் அடியைத் தொட்டு, அதிகாலை மூன்று மணிக்கு 1003க்கு ஏறியது. சூறாவளி வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, பாம்பனுக்கு அருகில் நகராமல் நின்று வலுவிழந்தது. வடக்கில் மழை நாட்கணக்காகத் தொடர்ந்தது. எங்கள் கரையில் சேதம் பயந்த அளவுக்கு இல்லை. சுக்கானைக் கழற்றி நிமிர்த்திப் பொருத்த ஒன்பது நாள் ஆனது. அறுத்துவிட்ட லைனில் ஒரு சிறு பகுதியை வேறொரு படகு கண்டெடுத்துத் தந்தது.

மீதிக்கான கணக்குத்தான் கசப்பை விட்டது. வழக்கப்படி அதைப் பொதுச் செலவில் போட்டால் தொழிலாளருக்கு அந்தப் பயணத்தில் எதுவும் மிஞ்சாது. இரண்டு கூட்டம் வைத்தும் தீரவில்லை. கடைசியில் சம்மாட்டி, லைனின் நட்டத்தைத் தான் ஏற்பதாகவும் சுக்கான் திருத்தத்தைப் பொதுச் செலவாக எடுப்பதாகவும் சொன்னார். மோதிய படகின் சொந்தக்காரரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவருடைய படகு இரண்டாகப் பிளந்திருந்தது.

இனி வேறாகச் செய்வது

முதலாவதாக, கரையிலிருந்து வாசிக்கும் அறிக்கையில் அகலக்கோடும் நெடுங்கோடும் இல்லாமல் எதையும் வாசிப்பதில்லை. படகின் இடத்தைக் கேட்டு, மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும், துறைக்கு வந்து சேர எடுக்கும் மணித்தியாலத்தையும் சேர்த்தே சொல்கிறோம். தாழமுக்கம் என்ற சொல் வந்த அன்றே இந்தக் கணக்குத் தொடங்குகிறது, பெயருக்குக் காத்திருப்பதில்லை. தண்டயல் முடிவெடுப்பார், ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு எடுப்பார்.

எச்சரிக்கை வந்த பின் அறுக்கப்படும் லைன் தொழிலாளர் பங்கில் கழிக்கப்படாது என்று எங்கள் வட்டாரத்தில் சில சம்மாட்டிமார் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் போட மறுத்தவர்களும் உண்டு. எழுத்தில் வராதவரை இதை நான் முழுத் தீர்வாக எண்ணவில்லை. நவம்பர் 30ஆம் திகதி மாலை அந்தப் படகு திரும்பாததற்கு நிவாரைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

துறைமுகத்துக்குள் நங்கூரமிடும்போது, மையம் எந்தப் பக்கத்தால் போகும் என்று ஊகிப்பதை விட்டுவிட்டோம். வெளிச்சம் இருக்கும்போதே எதிர் எதிர்த் திசையில் இரண்டு நங்கூரம், கயிறு வெளியேறும் வாயில் ரியூப் சுற்று, பக்கத்துப் படகுக்கும் நமக்கும் இடையில் அதன் கயிற்று நீளத்துக்குக் குறையாத இடைவெளி. கடைசி ஒன்றுக்கு இடம் கிடைப்பதுதான் கடினம், கொட்பேயிலும் சரி, நகரப் பக்கத்திலும் சரி.

2024 நவம்பர் இறுதியில், பின்னர் பெங்கல் என்று பெயர் பெற்ற ஆழ்ந்த தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டி வடக்கே ஊர்ந்தபோது, அதே தண்டயல் பிற்பகலிலேயே இரண்டாவது நங்கூரத்தைப் போட்டுவிட்டு என்னை அழைத்து மையத்தின் இரண்டு எண்களையும் கேட்டார். வாசித்தேன். எழுதிக்கொண்டு, "காத்து இப்ப வடக்கு, தம்பி. ராவைக்கு மேக்கால திரும்பும் போல" என்றார்.